பருந்தின் காலில் என்ன இருக்கிறது?

"வயல்ல நெல்லு நிக்கிது, இவரு கழியில பருந்து பாக்கப் போறாரு" என்று எங்கள் ஊரில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். மூன்று ஏக்கர் சம்பாவும், அதற்குப் பின் உளுந்தும் வைத்திருக்கும் ஒருவனுக்குத் தோணியும் கேமராவும் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. வயலில் நாம் என்ன செய்கிறோம் என்பதற்கான கணக்கை எழுதி வைத்திருப்பவை இந்தப் பறவைகள். அதைப் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். எப்படிப் பழகுவது என்பதை உழவர் நண்பர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வயல் வடிகால் போய்ச் சேரும் இடம்

நான் போவது பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர், கிள்ளைக்குப் பக்கம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவில் கிடக்கும் உப்பங்கழியும் அலையாத்திக் காடும்தான் பிச்சாவரம். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் நிற்கும் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே அந்தத் தில்லை மரத்தால்தான். 2022இல் இந்த இடம் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சுற்றுலா வருகிறவர்கள் மரத்தைப் பார்ப்பார்கள், வேரைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விவசாயி பார்க்க வேண்டியது வேறு. இந்தக் கழிக்கு ஒரு பக்கம் கடலிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறுகிறது. இன்னொரு பக்கம் கான்சாகிப் வாய்க்கால் போன்ற பாசன, வடிகால் வாய்க்கால்கள் வழியாக நல்ல தண்ணீர் இறங்குகிறது. அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் வயல்களிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாம் மடையைத் திறந்து வடிய விடுகிறோமே, அந்தத் தண்ணீரில் நம் வயலில் போட்டது, தெளித்தது எல்லாம் கலந்துதான் போகிறது. கழியில் இறால் குஞ்சு அதைக் குடிக்கிறது. இறாலையும் பாசியையும் தின்று மீன் வளர்கிறது. அந்த மீனைப் பருந்து தூக்குகிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணி அதுதான்.

யார் யாரைப் பார்க்கலாம்

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் 'பருந்து' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு.

செம்பருந்து: நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைத்தான். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். வால் நுனி வளைவாக இருக்கும். ஆண்டு முழுக்கக் கழியிலேயே இருக்கும். மீன், நண்டு, தவளை, செத்து மிதப்பது எதையும் விடாது. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் துப்புரவாளர்.

கரும்பருந்து: ஊருக்குள் குப்பை மேட்டில் சுற்றுவது. உடம்பு முழுக்கப் பழுப்பு. வால் நடுவில் வெட்டுப்பட்டது போல இருக்கும். கோழிக்குஞ்சைத் தூக்கியது யார் என்ற வழக்கில் பெரும்பாலும் குற்றவாளி இதுவோ வல்லூறோதான். பழி மட்டும் எல்லாப் பருந்துக்கும் சேர்ந்து விழுகிறது.

விராலடிப்பான்: பெயரிலேயே தொழில் இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும். வயிறு வெள்ளை, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, நீண்ட இறக்கை நடுவில் மடங்கினது போலத் தெரியும். உயிருள்ள மீனைத் தவிர வேறு எதையும் அநேகமாகத் தொடாது. காலை முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். வெளி விரலை அதனால் பின்பக்கம் திருப்ப முடியும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பிடி போடும். பாதத்தின் அடியில் முள் போன்ற செதில்கள் இருப்பதால் வழுக்குகிற மீனும் நழுவாது. தூக்கிய மீனின் தலை காற்றை வெட்டும்படி முன்பக்கம் பார்த்து இருக்கும்.

சேற்றுப் பூனைப்பருந்து: இதுவும் குளிர்கால விருந்தாளி. ஆசியாவின் வடக்கு, நடுப்பகுதிகளிலிருந்து ஐப்பசி வாக்கில் வந்து பங்குனியில் திரும்பிவிடும். வயலுக்கு மேல் ஆள் உயரத்தில் மெதுவாக, இறக்கையை ஆங்கில 'வி' எழுத்து போலத் தூக்கிக்கொண்டு, வரப்பு வரப்பாகத் தேடிப் போகும். எலி, தவளை, சிறு பறவை அதன் தீனி.

கருந்தோள் பருந்து: சின்னது, சாம்பல் வெள்ளை, தோளில் கறுப்பு, கண் சிவப்பு. இருந்த இடத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். பார்த்தால் மறக்க மாட்டீர்கள். இதன் முக்கியத் தீனியே எலியும் சுண்டெலியும்தான். கழியைவிட வயலோரத்தில்தான் அதிகம் தெரியும். நம் கூலி இல்லா வேலையாள்.

தோணி எதற்கு

பருந்துக்குக் கண் கூர்மை. நடந்து வரும் மனிதனை வெகு தொலைவில் பார்த்துவிடும். இரண்டு காலில் நிமிர்ந்து வரும் உருவம் என்றால் அதற்கு ஆபத்து என்று அர்த்தம். ஆனால் தண்ணீரோடு தண்ணீராக, தாழ்வாக, சத்தமில்லாமல் மிதந்து வரும் தோணியை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கழியில் மீன் பிடிக்கிறவர்களின் தோணிகளைத் தினமும் பார்த்துப் பழகியும் இருக்கிறது. கரையில் 100 மீட்டரில் எழுந்து பறந்துவிடும் செம்பருந்து, தோணிக்கு 30, 40 மீட்டர் வரை இடம் கொடுக்கும். இது என் அனுபவக் கணக்கு. ஒவ்வொரு பறவைக்கும் மாறும்.

மோட்டார் படகு இதற்கு ஆகாது. சத்தம் ஒன்று, அலை இன்னொன்று, அதிர்வில் கை ஆடுவது மூன்றாவது. பிச்சாவரத்தில் துடுப்புப் படகுகள் உண்டு. அனுமதி பெற்று, சீட்டு வாங்கி, உள்ளூர் படகோட்டியோடுதான் போக வேண்டும். அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி புத்தகத்தில் இல்லை. என்னோடு வழக்கமாக வரும் தம்பி ஒருநாள் சொன்னார்: "அண்ணே, நீங்க வானத்தப் பாக்கறீங்க. தண்ணியப் பாருங்க. மடவை எங்க துள்ளுதோ அங்கதான் அவன் வருவான்." அன்றிலிருந்து நான் முதலில் மீனைத் தேடுகிறேன்.

நேரத்தைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் கழி ஆழமில்லாதது என்பதால் அந்தக் குறைவான இறக்கமே போதும். தண்ணீர் வற்றும்போது சேறு வெளியே தெரியும், மீன்கள் நடு வாய்க்காலுக்கு ஒதுங்கும், பறவைகளும் அங்கே வந்து சேரும். காலை வெயிலும் தண்ணீர் வற்றும் நேரமும் ஒன்றாக வரும் நாளாகப் பார்த்துக் கிளம்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது காற்று. எந்தப் பறவையும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் நம் பக்கம் காற்று வடகிழக்கிலிருந்து வரும். காலை வெயில் தென்கிழக்கிலிருந்து வரும். ஆகவே தோணி பறவைக்குக் கிழக்கே இருந்தால் வெயிலும் காற்றும் இரண்டுமே நம் முதுகுப் பக்கம். பறவையோ நம்மைப் பார்த்த முகமாகத்தான் எழும்பும், முகத்தில் வெளிச்சமும் விழும். இன்னொரு லாபமும் உண்டு. துடுப்புப் போடவே வேண்டாம், காற்றே தோணியை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும்.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம்

புதுக் கேமரா வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நான் வைத்திருப்பது இன்னொருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. 300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் போதும். அதைவிட நீளமானது கனமாக இருக்கும், தோணியில் கையால் தாங்க முடியாது.

முக்காலி தோணிக்கு ஆகாது. தோணியின் ஒவ்வொரு ஆட்டமும் காலின் வழியாகக் கேமராவுக்கு ஏறும். நம் உடம்புதான் நல்ல முக்காலி. தோணியின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். விளிம்பில் வைத்து எடுக்க வேண்டும் என்றால் ஒரு துணிப் பையில் உமியை நிரப்பித் தைத்துக்கொண்டு போங்கள். கடையில் இதையே விலைக்கு விற்கிறார்கள். நம் வீட்டில் உமிக்கா பஞ்சம்?

பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வேகம் வையுங்கள். மரத்தில் உட்கார்ந்திருப்பதற்கு 1/800 போதும். தோணி ஆடுகிறது என்பதால் அதற்குக் கீழே போக வேண்டாம். லென்ஸின் திறப்பு எஃப் 5.6 அல்லது 6.3. ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் பரவாயில்லை, ஆட்டம் விழுந்தால் படமே போச்சு. குவியத்தைத் தொடர்ந்து பின்தொடரும் முறையில் வைத்து, பறவையின் கண்ணிலோ தலையிலோ பிடியுங்கள்.

வெளிச்சத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். பளிச்சென்ற வானத்துக்கு எதிரே பருந்தை எடுத்தால் கேமரா வானத்தைப் பார்த்து அளந்துவிடும், பறவை கரித்துண்டு போல வரும். அப்போது வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். அதே செம்பருந்து கரும்பச்சைக் காட்டுக்கு முன்னால் பறந்தால் கதை தலைகீழ். வெள்ளைத் தலை வெந்து சுண்ணாம்பாகிவிடும். அப்போது ஒரு படி குறைக்க வேண்டும். கழியில் இந்த இரண்டும் ஒரே நிமிடத்தில் மாறி மாறி வரும். கட்டை விரல் அந்தச் சக்கரத்திலேயே இருக்கட்டும்.

உப்புத் தண்ணீர் கேமராவுக்குப் பகை. எடுக்காதபோது உறையில் போட்டு மூடி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் முதலில் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். மிதவைச் சட்டை போடாமல் ஏறக்கூடாது. என்ன பறந்தாலும் தோணியில் எழுந்து நிற்கக்கூடாது. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் போகவே கூடாது.

கேமரா இல்லையா? ஒரு சாதாரண தொலைநோக்கியும் ஒரு நோட்டும் பேனாவும் போதும். நான் சொல்ல வருவதற்கு அழகான படம் தேவையில்லை.

செய்யக்கூடாதவை

மலேசியாவின் லங்காவித் தீவில் சுற்றுலாப் படகுக்காரர்கள் கோழித்தோலையும் குடலையும் தண்ணீரில் எறிந்து செம்பருந்துகளைக் கூட்டுவார்கள். நூறு பறவை ஒரே நேரத்தில் பாயும், படம் பிரமாதமாக வரும். ஆனால் மீனும் நண்டும் தேடித் தின்ன வேண்டிய பறவை, படகைத் தேடி வரும் பிச்சைக்காரனாகிவிடுகிறது. கோழித்தோலில் கொழுப்பைத் தவிர என்ன இருக்கிறது? சத்துக்கு ஆகாத தீனி என்று பறவை ஆர்வலர்கள் அங்கே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வழக்கம் நம் கழிகளுக்கு வரவே கூடாது. தீனி போட்டு எடுத்த படத்தில் பறவை என்ன தின்கிறது என்ற உண்மையும் செத்துவிடுகிறது.

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். செம்பருந்து நம் பக்கம் கூடு கட்டுவது பெரும்பாலும் குளிர்காலத்தில், நாம் தோணியில் போகும் அதே மாதங்களில். தாய் எழுந்து போனால் முட்டையில் வெயில் விழும், காக்கை வந்து நிற்கும். கூடு எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள், படத்திலும் காட்டாதீர்கள். பறவை தலையைத் திருப்பித் திருப்பி நம்மைப் பார்க்கிறது, உடம்பை இறுக்கிக்கொள்கிறது, எச்சமிடுகிறது என்றால் பறக்கப் போகிறது என்று பொருள். அத்தோடு நிறுத்திக்கொண்டு பின்வாங்க வேண்டும். மீன் பிடிக்கும் பறவையை ஒருமுறை விரட்டினால் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு போகிறது.

படத்தைப் படிப்பது எப்படி

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் இறக்கையின் அழகைப் பார்ப்பார்கள். நீங்கள் காலைப் பாருங்கள். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாதது, 1/2000 நொடியில் நின்று போன படத்தில் தெரியும். என்ன பிடித்திருக்கிறது? மீனா, தவளையா, எலியா, பாம்பா? எந்த மீன்? கழுத்துக்குக் கீழே தீனிப்பை புடைத்திருக்கிறதா? காலில் நைலான் வலைத் துண்டு சுற்றியிருக்கிறதா? இதையெல்லாம் தேதி, நேரம், இடம், காற்று, தண்ணீரின் நிலை என்று சேர்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு ஆண்டில் உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

என் நோட்டில் நான் மிகவும் மதிப்பது ஒரு சுமாரான படத்தை. தை மாதம், காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தது. மேற்கே வயல் பக்கமிருந்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து கழியைத் தாண்டி அலையாத்திக் காட்டை நோக்கி வந்தது. கொஞ்சம் தூரம், கொஞ்சம் மங்கல். பெரிதாக்கிப் பார்த்தால் காலிலிருந்து ஒரு வால் தொங்குகிறது. எலி. நம் வயலில் நெல் தின்ற எலி, கழிக்கு மேல் பறந்து போகிறது. வயலும் கழியும் வேறு வேறு என்று நினைக்கிறவர்களுக்கு அந்த ஒரு படம் போதும். அந்த எலியின் உடம்பில் என்ன இருந்ததோ அது இப்போது பருந்தின் உடம்பில்.

இது ஊகம் இல்லை. உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் கனெக்டிகட் ஆறு கடலில் சேரும் பகுதியில் 1938 வாக்கில் சுமார் 200 விராலடிப்பான் கூடுகள் இருந்தன. 1960களின் நடுவில் பத்துக்குச் சற்று மேல்தான் மிஞ்சின. யாரும் சுடவில்லை. டி.டி.டி. கொசுவுக்கும் பூச்சிக்கும் தெளித்தது. தண்ணீரில் சிறிதளவு, பாசியில் அதைவிடக் கூடுதல், சின்ன மீனில் இன்னும் கூடுதல், பெரிய மீனில் அதற்கும் மேல் என்று ஏறி, கடைசியில் மீன் தின்னும் பறவையின் உடம்பில் குவிந்தது. பறவை உடனே சாகவில்லை. முட்டை ஓட்டில் சுண்ணாம்பு சேரவில்லை. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது.

ரேச்சல் கார்சன் 1962இல் 'மௌன வசந்தம்' எழுதியபோது பலர் கேலி செய்தார்கள். இங்கிலாந்தில் டெரிக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த பொரி வல்லூறு, சிட்டுப்பருந்து முட்டை ஓடுகளை எடுத்து அளந்து, 1940களின் கடைசியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதை 1967இல் வெளியிட்டார். அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. அதன் பிறகு விராலடிப்பான்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989இல்தான் தடை செய்யப்பட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று. மோனோகுரோட்டோபாஸ் என்ற பெயர் நம் டப்பாக் கடைகளில் தெரியாதவர் இல்லை. 1995-96 பருவத்தில் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அதைத் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஸ்வைன்சன் பருந்துகள் அந்த வெட்டுக்கிளிகளைத் தின்றன. ஆயிரக்கணக்கில் வயலிலேயே செத்து விழுந்தன. பயிருக்கு உதவ வந்த பறவை அந்தப் பயிரிலேயே பிணமானது. நம் நாட்டிலும் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை அழித்தது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். அதற்குள் வானம் காலியாகிவிட்டது.

எலிமருந்து என்ற வழக்கு

இப்போது நம் ஊர் வழக்குக்கு வருகிறேன். போன பருவம் சம்பா பால் பிடிக்கும் முன்பே எங்கள் பக்கம் எலி அதிகம். ஊரே சேர்ந்து மருந்து வைப்பது என்று பேச்சு வந்தது. புரோமடயலோன் கட்டிகள். தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையும் தன்மையை இழந்து, நாலைந்து நாள் தளர்ந்து தள்ளாடித் திரியும். வளைக்கு வெளியே பகலிலும் வரும். பருந்துக்கும் கூகைக்கும் அதைவிடச் சுலபமான இரை உண்டா? நஞ்சு எலியின் ஈரலில் தங்கியிருக்கும். அங்கிருந்து பறவையின் ஈரலுக்குப் போகும். ஒரு எலியில் சாகாவிட்டாலும் அடுத்தடுத்த எலியில் சேர்ந்துகொண்டே போகும்.

கோயில் திண்ணையில் கூட்டம் போட்டபோது நான் படங்களைக் காட்டினேன். பூனைப்பருந்தின் காலில் தொங்கும் வால், என் வயல் வரப்பில் எலியோடு உட்கார்ந்திருக்கும் கருந்தோள் பருந்து, கழியில் மடவை தூக்கும் விராலடிப்பான். எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். பக்கத்து வயல் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, உன் பருந்து ஒரு எலியப் புடிக்கிறதுக்குள்ள எலி பத்து குட்டி போட்டுடும்ல? என் நெல்லுக்கு யாரு பதில் சொல்றது?"

சரியான கேள்வி. எலி சுமார் மூன்று வாரத்தில் குட்டி போடும். பெருகிவிட்ட பிறகு பருந்து மட்டும் வந்து காப்பாற்றிவிடும் என்று சொன்னால் அது பொய். பறவை செய்வது பெருகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்கு ஆண்டு முழுக்க அது உயிரோடு இருக்க வேண்டும். மருந்து வைத்த வருஷம் எலியும் சாகும், பறவையும் சாகும். எலி ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிடும். பருந்து ஆண்டுக்குச் சில குஞ்சுகளை மட்டும் வளர்ப்பது. அது அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அடுத்த பருவம் எலி இருக்கும், அதைப் பிடிக்க ஆள் இருக்காது, மறுபடி மருந்துதான். இதைத்தான் சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு பருவம் மருந்தில்லாமல் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் வைத்தார்கள். சித்தப்பா வைத்தவர்களில் ஒருவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, குத்தகை நெல் அளக்க வேண்டியவர் அவர். ஆனால் மருந்து வைத்த வயலுக்கும் வைக்காத வயலுக்கும் நடுவில் இருக்கும் வரப்பு பருந்துக்குத் தெரியாது. அதனால்தான் இதை ஒருவர் மட்டும் செய்தால் போதாது என்கிறேன்.

வயலுக்குப் பறவையை அழைப்பது

நாங்கள் செய்தவை, செலவில்லாதவை.

வரப்பை ஒரு அடி அகலத்துக்குள் செதுக்கி வைத்தோம். அகல வரப்புதான் எலிக்கு மாடி வீடு. புல்லும் புதரும் இல்லாமல் இருந்தால் பருந்துக்கு எலி தெரியும்.

ஒரே மடையில் பாயும் வயல்களில் முடிந்தவரை ஒரே வாரத்தில் நட்டோம். முன்னே பின்னே நட்டால் எலிக்கு நாலு மாதமும் விருந்து.

தஞ்சாவூர் கிட்டியைச் செய்து வைத்தோம். நட்ட ஒரு மாதத்துக்குள், எலி பெருகும் முன் வைக்க வேண்டும். வளை வெட்டிப் பிடிப்பதில் தேர்ந்த இருளர் மக்களை அழைத்து, உரிய கூலி கொடுத்தோம். அவர்கள் கைவேலைக்கு ஈடான மருந்து கிடையாது.

பறவைத் தாங்கிகள் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து நட்டோம். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டால் அடி அகலமாக இருக்கும், கூகையும் ஆந்தையும் உட்கார வசதி. மூங்கிலில் குறுக்குக் கட்டை கட்டியும் வைக்கலாம். பயிருக்கு மேல் நன்றாகத் தெரியும் உயரம் வேண்டும். கதிர் பால் பிடித்ததும் வயலுக்குள் இருக்கும் குட்டைத் தாங்கிகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் தின்னும் பறவைகள் வந்து உட்காரும். வரப்போரத்தில் உயரமாக நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் விட்டு வையுங்கள்.

பழைய பனை, ஆல், இலுப்பை மரங்களை வெட்டாதீர்கள். பகலில் பருந்து விட்ட வேலையை இரவில் கூகை தொடரும். கூகை கத்தினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிவதை நிறுத்துங்கள். இஸ்ரேலில் ஸ்தே எலியாகு என்ற ஊரில் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் 1983இல் எலிமருந்துக்குப் பதிலாகக் கூகைகளுக்குக் கூண்டு வைக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த முறை அந்த நாடு முழுவதும் பரவி, எல்லை தாண்டி ஜோர்டானுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போயிருக்கிறது. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் கூகைக்குக் கூண்டு வைக்கிறார்கள். மரம் இல்லாத வயல்களில் நாமும் செய்து பார்க்கலாம்.

கணக்கு எழுதுவோம்

ஒவ்வொரு ஆண்டும் தைப் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் இருந்து பார்த்த பறவைகளைக் கணக்கிட்டு, ஈபேர்டு என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். மாட்டுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, களத்துமேட்டிலேயே நின்று எண்ணலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை.

நம் கணக்கில் வேட்டைப் பறவைகளுக்கென்று ஒரு தனிப் பத்தி இருக்கட்டும். எத்தனை, எந்த வயல் மேல், காலில் என்ன. மருந்து வைக்காத வயல் எது, வைத்த வயல் எது. முடிந்தால் பக்கத்தில் இருக்கும் கழிக்கோ ஏரிக்கோ ஒரு காலைப் பொழுது துடுப்புத் தோணியில் போய், நம் வடிகால் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் பார்த்து எழுதுங்கள். வீராணத்துக் கரையில் இருப்பவர், முத்துப்பேட்டைப் பக்கம் இருப்பவர், பழவேற்காட்டில் இருப்பவர் என்று ஆளுக்கு ஒரு நோட்டு வைத்தால், ஐந்து ஆண்டில் எந்த ஆய்வுக்கூடமும் நமக்குச் சொல்லாத ஒன்றை நாமே சொல்ல முடியும்.

இந்த ஆடியில் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும் முன் எங்கள் ஊரில் மறுபடி கூடுகிறோம். போன பருவத்துக் கணக்கை இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன்: மருந்து வைத்தவர்களின் எலிச்சேதம், வைக்காதவர்களின் எலிச்சேதம், இரண்டு பக்கமும் தெரிந்த பருந்துகள். சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் அந்த நோட்டை வைக்கப் போகிறேன். படத்துக்குத் தலையாட்டாதவர் கணக்குக்குத் தலையாட்டுவார் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. உங்கள் ஊரிலும் ஒரு நோட்டைத் திறந்து வையுங்கள்.